ஏடும் திரையும்

நல்லதொரு நாவல் திரைப்படமாக வெளிவரும்போதெல்லாம் பழைய வழக்கொன்று மீண்டும் மன்றுக்கு வருகிறது. நூலைப் படித்தவர், "கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார். படத்தைப் பார்த்தவரோ, "கதை தெரிந்துவிட்டதே, இனி நூல் எதற்கு?" என்கிறார். கதை என்பது ஒரு குடத்திலிருந்து மற்றொரு குடத்திற்குச் சிந்தாமல் ஊற்றக்கூடிய நீர் என்று இருவருமே எண்ணிக்கொள்கின்றனர். அது அவ்வாறன்று. எழுத்தாளனுக்குச் சொல்லே கருவி. பாத்திரத்தின் உள்ளத்தில் ஓடும் எண்ணத்தை அவன் நேரே எடுத்துரைக்கலாம். திரைக்கலைஞனுக்கு முகமும் ஒளியும் ஓசையுமே கருவிகள். அவன் எண்ணத்தைக் காட்ட வேண்டுமானால் கண்ணுக்குத் தெரியும் ஒரு செயலைத் தேடியாக வேண்டும். ஆகவே, சிறந்த நாவலொன்று சிறந்த படமாகும்போது நமக்குக் கிடைப்பவை இரண்டு தனிப் படைப்புகள்.

நம் நாட்டின் பல மொழிகளில் இத்தகைய இணைகள் பல உள்ளன. அவற்றுள் ஐந்தினை மட்டும் இங்கே நேயர்களின் முன் வைக்க விரும்புகிறோம். பெயரளவில் இவை பலருக்கும் தெரிந்திருக்கலாம். ஆயினும், நூலையும் படத்தையும் அருகருகே வைத்துத் துய்த்தவர்கள் சிலரே.

முதலாவது, வங்காளத்தின் 'பதேர் பாஞ்சாலி'. விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் இந்நாவல் 1929-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. நிச்சிந்திபுரம் என்னும் சிற்றூரில் ஓர் ஏழைப் புரோகிதரின் குடும்பம். துர்கா, அப்பு என்று இரு குழந்தைகள். அண்டியிருக்கும் முதியவளான இந்திர் டாக்குரூண். கதை என்று சொல்லப்போனால் இவ்வளவே. வறுமையைப் பற்றிய நூலாயினும் அழுகையைப் பற்றிய நூலன்று இது. மாங்காயும் மூங்கிற் புதரும் மழையும் அக்குழந்தைகளுக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை ஆசிரியர் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம் இதனைத் தமிழில் பெயர்த்தளித்தது நமக்கு வாய்த்த பேறு.

சத்யஜித் ராய் இந்நூலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தவர். அப்பணியிலேயே அவர் மனத்தில் இது திரைக்கதையாக ஊன்றிவிட்டது. 1952-இல் படப்பிடிப்பைத் தொடங்கினார். பணம் தீர்ந்தபோதெல்லாம் வேலை நின்றது. மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. இறுதியில் மேற்கு வங்க அரசின் உதவியால் படம் முடிவுற்று 1955-இல் வெளிவந்தது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் என்னும் சிறப்பைப் பெற்றது.

ஏடும் திரையும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதற்கு இதில் ஓர் அழகிய சான்று உண்டு. துர்காவின் மீது முன்பொரு திருட்டுப் பழி விழுந்திருந்தது. அவள் இறந்த பின்னர் அப்பு, ஒளித்து வைக்கப்பட்டிருந்த அப்பொருளைத் தற்செயலாகக் கண்டெடுக்கிறான். நாவலில் அது பொன்னாலான ஒரு சிறு சிமிழ். அதனை அவன் மூங்கிற் புதருக்குள் வீசி எறிகிறான். படத்தில் அது ஒரு மணிமாலை. அவன் அதனைக் குளத்தில் எறிகிறான். பாசி விலகி மாலையை ஏற்றுக்கொள்கிறது. பிறகு மெல்ல மெல்ல ஒன்றுசேர்ந்து அந்த இடைவெளியை மூடிவிடுகிறது. சிறுவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அக்காளின் இரகசியத்தை அவன் என்றென்றும் காப்பான் என்பதைக் குளம் சொல்லிவிடுகிறது. மறுபுறம், ரயில் பாதையைத் தேடி நடந்து, ரயிலைக் காணாமலே திரும்பும் குழந்தைகளின் ஏமாற்றத்தை நாவல் நமக்குத் தருகிறது. நாணற் பூக்களினூடே ஓடி ரயிலைக் காணும் புகழ்பெற்ற காட்சியைப் படம் தருகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்பதைவிட, இரண்டையும் பெற்றுக்கொள்வதே அறிவுடைமை.

இரண்டாவதும் வங்காள மொழியைச் சேர்ந்ததே. ஆனால் அதன் நீர் வேறு. 'திதாஸ் ஒரு நதியின் பெயர்' என்று பொருள்படும் தலைப்புடைய நாவலை எழுதியவர் அத்வைத மல்லபர்மன். இன்று வங்காளதேசத்திலுள்ள பிராமண்பாரியாவில், மாலோ எனப்படும் மீனவர் குலத்தில் 1914-ஆம் ஆண்டு பிறந்தவர். அக்குலத்தார் தம்முள் பொருள் திரட்டி அவரைப் படிக்க வைத்தனர். கல்கத்தாவில் பத்திரிகைப் பணி செய்துகொண்டே, தம்மைப் படிக்க வைத்த மக்களின் வாழ்வை அவர் எழுதினார். 1951-இல் காசநோய்க்கு இரையானார். நாவல் நூல்வடிவம் பெற்றது 1956-இல்தான். அச்சிட்ட நூலைத் தம் கையில் ஏந்தும் பேறு அவருக்கு இல்லாமற் போயிற்று.

மீனவரைப் பற்றிக் கரையில் நின்று எழுதியோர் பலர். இவரோ படகிற்குள் இருந்து எழுதியவர். ஆற்றில் மணல்திட்டு எழும்புகிறது, நீர் விலகுகிறது, மீன் மறைகிறது, புதிதாகத் தோன்றிய நிலத்தை வலியோர் தடிக்காரர்களைக் கொண்டு பற்றிக்கொள்கின்றனர். பொருள் மட்டுமா போயிற்று? மாலோக்களின் பாட்டும் போயிற்று. வெளியிலிருந்து வந்த கூத்துக் குழுக்களின் கவர்ச்சியில் இளையோர் மயங்க, தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்த பாட்டுகள் வாயடைத்துப் போவதை ஆசிரியர் விரிவாகச் சொல்கிறார். ஒரு சமூகம் அழிவதற்கு முன்னால் அதன் பாட்டு அழிகிறது என்று உணர்ந்து எழுதிய பகுதி அது.

இந்நாவலை ரித்விக் கட்டக் 1973-இல் வங்காளதேசத்தில் படமாக்கினார். பிரிவினையால் தாம் பிறந்த மண்ணை இழந்த கலைஞர் அவர். நாடு விடுதலை பெற்றதும் அந்த ஆற்றங்கரைக்கே திரும்பிச் சென்று, உடல் நலிந்த நிலையில் இப்படத்தை எடுத்தார். கதை பல கிளைகளாகப் பிரிந்து செல்வதால் முதன்முறை காண்போர் சற்றுத் திகைக்கக்கூடும். நாவலை முன்னரே படித்தோருக்கு அத்திகைப்பு இராது. இறுதிக் காட்சியில் பாசந்தி என்னும் பெண், வற்றிப்போன ஆற்றின் மணலைக் கையால் தோண்டி நீர் தேடுகிறாள். உயிர் பிரியும் வேளையில், பச்சை வயலினூடே ஒரு சிறுவன் ஊதுகுழல் ஊதிக்கொண்டு ஓடிவருவதைக் காண்கிறாள். நதி போன இடத்தில் வயல் வந்திருக்கிறது. மீனவர் போன இடத்தில் உழவர் வருவர். இதனை ஆறுதல் என்பதா, இழப்பு என்பதா? கட்டக் விடை கூறவில்லை.

மூன்றாவது, நமக்கு அண்மையிலுள்ள கேரளக் கடற்கரைக் கதை. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956-இல் வெளிவந்து மறு ஆண்டு சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. சுந்தர ராமசாமி அதனைத் தமிழாக்கினார். அம்மொழிபெயர்ப்பும் தமிழ் உரைநடைக்குக் கிடைத்த ஓர் அணியே. கருத்தம்மா என்னும் மீனவப் பெண்ணுக்கும் பரீக்குட்டி என்னும் முஸ்லிம் வணிகனுக்கும் இடையே முளைத்த அன்பைப் பற்றிய கதை என்றே இதனைப் பலரும் நினைவிற் கொண்டுள்ளனர். கரையில் மனைவி கற்பு வழுவாதிருந்தால்தான் கடலுக்குச் சென்ற கணவன் மீள்வான் என்ற நம்பிக்கையும் அதனோடு நினைவுக்கு வருகிறது. அந்நம்பிக்கையை ஆசிரியர் மிகைப்படுத்திவிட்டார் என்ற குறைகூறலும் உண்டு.

ஆனால் நாவலை ஊன்றிப் படித்தால், அதன் முதுகெலும்பாக இருப்பது ஒரு கடன் என்பது விளங்கும். கருத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்சுவுக்குச் சொந்தத்தில் தோணியும் வலையும் வேண்டும் என்பது ஆசை. அதற்கான பொருளைப் பரீக்குட்டியிடமே பெறுகிறான். காரியம் முடிந்த பின் நன்றியை மறக்கிறான். எவர் தோணி வைத்துக்கொள்ளலாம், எவர் கூலிக்குத் தண்டு வலிக்க வேண்டும் என்பதைத் துறையின் கட்டுப்பாடு வகுத்து வைத்திருக்கிறது. அக்கட்டுப்பாட்டையும் அவன் மீறுகிறான். தந்தை தீர்க்காத கடன் மகளின் மனத்தில் பாரமாகத் தங்கிவிடுகிறது. தீராக்காதலுக்கும் தீராக்கடனுக்கும் இடையிலுள்ள இந்த உறவை நூலைப் போலப் படம் விரித்துரைக்க இயலாது.

படம் தருவது கடலை. ராமு காரியாட் இயக்கி 1965-இல் வெளிவந்த இவ்வண்ணப் படத்தில் மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு, அலையும் விண்மீனும் கதாபாத்திரங்களே எனத் தோன்றச் செய்கிறது. வங்காளத்தின் சலில் சௌதுரி இசையமைத்தார். ஹிருஷிகேஷ் முகர்ஜி படத்தொகுப்பில் பங்கேற்றார். பாடல்களை வயலார் ராமவர்மா எழுதினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து கைகள் கூடி ஒரு மலையாளப் படத்தை ஆக்கின. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைத் தென்னாட்டிற்கு முதன்முதலாகக் கொணர்ந்த படமும் இதுவே.

நான்காவது, கன்னடத்தின் 'சம்ஸ்காரா'. யு. ஆர். அனந்தமூர்த்தி இங்கிலாந்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது எழுதி, 1965-இல் வெளியிட்ட சிறு நாவல். துர்வாசபுரம் என்னும் அக்கிரகாரத்தில் நாரணப்பா என்பவன் இறந்துவிடுகிறான். ஆசாரங்களையெல்லாம் உதறிவிட்டு வாழ்ந்தவன் அவன். அவனுக்கு இறுதிக் கடன் செய்ய வேண்டியவர் யார்? செய்தால் தீட்டா, செய்யாவிடில் பாவமா? பிணம் கிடக்கும்வரை ஊரார் உண்ணலாகாது. சாத்திரம் கற்ற பிராணேசாசாரியர் விடைதேடி ஏடுகளைப் புரட்டுகிறார். ஏடுகள் மௌனமாக இருக்கின்றன. கொள்ளைநோயின் அறிகுறியாக எலிகள் செத்து விழத் தொடங்குகின்றன. இதற்கிடையில், நாரணப்பாவோடு வாழ்ந்த சந்திரி என்னும் பெண் தன் நகைகளைக் கழற்றி ஈமச் செலவுக்கென வைக்கிறாள். அப்பொன்னைக் கண்டதும் ஒதுங்கி நின்றோரின் மனம் மாறத் தொடங்குகிறது. மேலே நடப்பதை நேயர்கள் நூலிலேயே காண்பதுதான் முறை.

இந்நூலின் பெரும்பகுதி ஆசாரியரின் உள்ளத்தில் நிகழ்கிறது. அறத்தை நூலிலிருந்து கற்ற ஒருவர், தாம் நூலின்றி நிற்கும் வேளையில் என்ன ஆகிறார் என்பதே வினா. உள்ளத்தில் நடப்பதைப் படமாக்குவது எளிதன்று. பட்டாபிராம ரெட்டி 1970-இல் எடுத்த படம் அதற்கு ஒரு வழி கண்டது. கறுப்பு வெள்ளையில், மிகுந்த மௌனத்தோடு, முகங்களையும் வெறிச்சோடிய தெருவையும் காட்டி, அடக்கம் செய்யப்படாத அந்தப் பிணத்தை நாம் மறவாதிருக்கச் செய்தது. கிரீஷ் கர்நாட் திரைக்கதை எழுதி, ஆசாரியராக நடித்தார். சினேகலதா ரெட்டி சந்திரியாக நடித்தார். சென்னையிலிருந்த தணிக்கைக் குழு முதலில் படத்தைத் தடை செய்தது. பின்னர் மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டின் சிறந்த படம் என்ற தேசிய விருதையும் அதுவே பெற்றது. ஒரு சமூகத்தை இகழ எழுந்த கதை என்று அஞ்சியோர், அக்கதை ஒவ்வொரு மனிதனையும் நோக்கி வினவுவதைப் பின்னரே உணர்ந்தனர்.

ஐந்தாவது இணை சற்று வேறுபட்டது. இங்கே ஒரு படமும் ஒரு நாவலும் தனித்தனியே பிறந்து ஒரே காயத்தைத் தொடுகின்றன. எம். எஸ். சத்யு இயக்கிய 'கரம் ஹவா' என்னும் உருதுப் படம் இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத கதையொன்றைத் தழுவியது. கைஃபி ஆஸ்மியும் ஷமா ஸைதியும் திரைக்கதை எழுதினர். பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் காலணித் தொழில் நடத்தும் சலீம் மிர்சாவின் குடும்பத்தார் ஒருவர் பின் ஒருவராகப் பாகிஸ்தானுக்குச் செல்கின்றனர். அவர் மட்டும் செல்ல மறுக்கிறார். வங்கி கடன் தர மறுக்கிறது. வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. அண்ணன் பெயரிலிருந்த பரம்பரை வீடும் கைவிட்டுப் போகிறது. முதிய தாயார் அவ்வீட்டை விட்டு வர மறுத்து விறகறைக்குள் ஒளிந்துகொள்கிறார். இறுதி மூச்சுக்கு முன் ஒருமுறை அதே வீட்டிற்குப் பல்லக்கில் கொண்டுவரப்படுகிறார். கலவரத்தின் குருதியைக் காட்டாமலே கலவரத்தின் விளைவை இப்படம் காட்டிவிடுகிறது. தணிக்கையில் பல மாதங்கள் தேங்கிக் கிடந்து 1974-இல் வெளியாயிற்று. சலீம் மிர்சாவாக வாழ்ந்து காட்டிய பல்ராஜ் சாஹ்னி அதற்கு முன்பே, 1973 ஏப்ரல் மாதத்தில் காலமாகிவிட்டார்.

அவருடைய தம்பி பீஷ்ம் சாஹ்னி எழுதிய இந்தி நாவல் 'தமஸ்'. தமஸ் என்றால் இருள். 1947 மார்ச் மாதத்தில் ராவல்பிண்டிப் பகுதியில் நிகழ்ந்த கலவரங்களை நேரில் கண்டவர் அவர். 1970-இல் பிவண்டியில் கலவரம் நிகழ்ந்த பின் அவ்வூருக்குச் சென்றபோது பழைய நினைவுகள் மேலெழுந்து அவரை எழுதத் தூண்டின. தோல் வேலை செய்யும் நத்து என்னும் ஏழையிடம், மருத்துவருக்கு வேண்டும் என்று பொய் சொல்லி ஒருவன் பன்றியொன்றைக் கொல்லச் செய்கிறான். மறுநாள் அது பள்ளிவாசலின் படியில் கிடக்கிறது. எவனோ மூட்டிய தீயில் எவரெவரோ வேகின்றனர். மூட்டியவன் பின்னர் அமைதி ஊர்வலத்திலும் தோன்றுகிறான். 1975-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது இந்நூலுக்குக் கிடைத்தது. கோவிந்த் நிஹலானி இதனைத் தொலைக்காட்சிப் படமாக்க, 1988-இல் அது ஒளிபரப்பாயிற்று. தடை கோரி வழக்குகள் எழுந்தன. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் படத்தைத் தாமே பார்த்தபின் ஒளிபரப்பை அனுமதித்தனர். உச்ச நீதிமன்றமும் அவ்வழியே தீர்ப்பளித்தது. வன்முறையைக் காட்டுவது வேறு, வன்முறையைத் தூண்டுவது வேறு என்னும் வேறுபாடு அவ்வழக்கில் தெளிவுபட்டது. அண்ணன் நடித்த படத்தையும் தம்பி எழுதிய நாவலையும் அடுத்தடுத்து அணுகுவோர், பிரிவினை என்பது 1947-இல் முடிந்துபோன நிகழ்ச்சியன்று என்பதை உணர்வர்.

இத்தகைய படைப்புகளைத் தேடிப் போக வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கலாம். தேடாவிடில் அவை தொலையும் என்பதே விடை. 1931-இல் வெளிவந்த இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வின் பிரதி ஒன்றும் இன்று இல்லை. அதே ஆண்டில் வந்த நம் 'காளிதாஸ்' படத்தின் கதியும் அதுவே. திரைப்படச் சுருள் எளிதில் கெடும் பொருள். ஈரமும் வெப்பமும் அதற்குப் பகை. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோற்றுவிக்கப்படுவதற்குள் பல படங்கள் மறைந்துவிட்டன. 'பதேர் பாஞ்சாலி'யின் மூலச்சுருளே 1993-இல் லண்டனில் நேர்ந்த தீவிபத்தில் கருகிச் சிதைந்தது. எஞ்சியவற்றை வல்லுநர்கள் இத்தாலியில் பதப்படுத்தி, பிற பிரதிகளின் துணைகொண்டு சீரமைத்ததால், 2015-இல் அது மீண்டும் பொலிவுடன் திரைக்கு வந்தது. கட்டக்கின் 'திதாஸ்' படமும் அவ்வாறே சீரமைக்கப்பட்டது. உலகில் எங்கேனும் சிலர் அவற்றை விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் இப்பணிகள் நடைபெற்றன. கேட்பாரற்ற படத்தைக் காப்பார் இலர். படிப்பாரற்ற நூலை மறுபதிப்புச் செய்வாரும் இலர்.

இனி, எவ்வாறு தொடங்குவது? பிறமொழி நாவல்களைத் தமிழில் படிக்க விரும்புவோருக்குச் சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் வெளியிட்ட மொழிபெயர்ப்புகள் பெருந்துணை. நல்ல நூலகங்களில் அவை கிடைக்கும். கிடைக்காவிடில் நூலகரிடம் கேட்டுப் பெற வேண்டும். படங்களைப் பொறுத்தவரை, திரைப்படச் சங்கங்களும் விழாக்களும் வழிகாட்டும். சீரமைக்கப்பட்ட பிரதி கிடைக்குமாயின் அதனையே காண்க. தேய்ந்த பிரதியைப் பார்த்துவிட்டுப் படம் மங்கல் என்று கூறுவது கலைஞனுக்குச் செய்யும் அநீதி.

நூல் முதலா, படம் முதலா என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. 'பதேர் பாஞ்சாலி'யிலும் 'செம்மீ'னிலும் எதை முதலில் எடுத்தாலும் இழப்பில்லை. 'திதா'ஸையும் 'சம்ஸ்காரா'வையும் பொறுத்தவரை நூலே முதலில் வர வேண்டும். அப்போதுதான் படத்தின் மௌனங்கள் பேசும். 'கரம் ஹவா'வை முதலில் கண்டு, சில நாள் கழித்துத் 'தம'ஸைப் படிக்கலாம். இவற்றைத் தனியே துய்ப்பதோடு நில்லாமல், வீட்டிலுள்ள இளையோரையும் உடன் அமர்த்திக்கொள்வது நலம். படம் முடிந்ததும் அவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு விடை கூற முற்படும்போது, நமக்குத் தெரிந்ததாக நாம் எண்ணியிருந்த கதையில் நாம் காணாத பகுதிகள் எத்தனை என்பது புலனாகும்.